பீநட் பட்டரும் ஜாமும் கொஞ்சம் கொசுவத்தியும்

முதலிலேயே ஒரு எச்சரிக்கை கொடுத்துவிடுகிறேன். இது சமையல் குறிப்பு மாதிரி ஆரம்பித்து வேறு எங்கேயோ போய் நிற்கும். அளவு மட்டும் வேண்டும் என்பவர்கள் நாலாவது பத்தியோடு கிளம்பிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீநட் பட்டர் ஜாம் பார் செய்தேன். பார் என்றதும் தப்பாக நினைக்க வேண்டாம். தட்டையான சதுரத் தட்டில் மாவைப் பரப்பி, ஓவனில் வைத்து எடுத்து, மைசூர்பாகு மாதிரி துண்டு போடுகிற இனிப்புக்கு அமெரிக்காவில் பார் என்று பெயர். கீழே பீநட் பட்டர் கலந்த மாவு, நடுவில் ஜாம், மேலே மறுபடியும் உதிர்த்த மாவு. ருசி என்னவோ பீநட் பட்டரும் ஜாமும் தடவின ரொட்டிதான். இந்த ஊர்ப் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுபோகிற அதே ரொட்டி. நமக்கு எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி.

நான் படிப்பது ஒஹாயோவில். என் அறைத்தோழி ஜார்ஜியாக்காரி. அமெரிக்காவின் வேர்க்கடலையில் ஏறக்குறைய பாதி விளைவது அந்த ஒரு மாநிலத்தில்தான். கடலை விவசாயம் பார்த்து ஜனாதிபதி ஆன ஜிம்மி கார்ட்டரும் அந்த ஊர்தான். ஆய்வேடு எழுதுகிற அழுத்தத்தில் அவள் இரண்டு வாரமாக முகம் வாடிக் கிடந்தாள். எனக்கு உடம்பு சரியில்லாதபோது மிளகு ரசம் எப்படி வைப்பது என்று என் அம்மாவிடமே வீடியோவில் கேட்டு வைத்துக் கொடுத்தவள். பதிலுக்கு ஏதாவது செய்யணும் இல்லையா? அவள் சின்ன வயசு ருசியாகத் தேடினேன். இந்த பார் பற்றி எழுதுகிற எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: ஒரு வாய் வைத்தால் போதும், பள்ளிக்கூட நாட்களுக்கே போய்விடுவீர்களாம். கொசுவத்தி சுற்ற வைக்க இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது என்று முடிவு பண்ணினேன்.

அளவு இதுதான். எட்டு அங்குலச் சதுரத் தட்டு. வெண்ணெய் 115 கிராம், சர்க்கரை 150 கிராம், இரண்டையும் நன்றாக அடித்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டை, ஒரு கப் பீநட் பட்டர், கொஞ்சம் வெனிலா. மைதா ஒன்றரை கப், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி. உப்பைக் குறைக்காதீர்கள், அது இல்லாவிட்டால் வெறும் தித்திப்புதான் மிஞ்சும். மாவில் மூன்றில் இரண்டு பங்கைத் தட்டில் அழுத்தி, மேலே முக்கால் கப் ஜாம் தடவி, மிச்ச மாவைப் பிய்த்துப் போட்டு, ஒரு கை உடைத்த கடலையைத் தூவி, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 35லிருந்து 40 நிமிஷம். செல்சியஸ்காரர்களுக்கு 175. முழுசாக ஆறின பிறகுதான் கத்தி வைக்கணும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்று தப்பு. எண்ணெய் மேலே மிதக்கிற அசல் பீநட் பட்டரை வாங்கிப் பெருமையாகப் போட்டேன், அடிமாவு பிசுபிசுவென்று ஆகிவிட்டது. எண்ணெய் பிரியாமல் கெட்டியாக இருக்கிற சாதாரண டப்பாதான் இதற்குச் சரி. இரண்டாவது, ஜாமுக்குப் பதில் திராட்சை ஜெல்லி போட்டேன். ஜாமில் பழச் சதை இருக்கிறது, சூட்டில் நிற்கும். ஜெல்லி வடிகட்டிய சாறு, இளகி ஓரமாக வழிந்து கருகிவிட்டது. மூன்றாவது, ஆறுவதற்குள் வெட்டினேன். துண்டு வரவில்லை, உப்புமாதான் வந்தது.

அந்த உப்புமாவைக் கிண்ணத்தில் போட்டு அவள் முன்னால் கொண்டுபோய் வைத்து, "பீநட் பட்டர், ஜெல்லி! உன் பள்ளிக்கூட ருசி!" என்று ஒரு விளம்பரமும் கொடுத்தேன்.

அவள் சிரித்தாள். நன்றி சொன்னாள். ஸ்பூனைக் கையில் எடுத்தாள், ஆனால் வாயில் வைக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னாள்.

நாலாம் வகுப்பில் படிக்கும்போது அவள் அம்மாவுக்கு வேலை போயிருந்தது. அங்கே பள்ளிச் சாப்பாட்டுக்குப் பிள்ளை பெயரில் ஒரு கணக்கு இருக்கும், பெற்றோர் பணம் போட வேண்டும். குறைந்த வருமானக் குடும்பத்துக்கு இலவசம் உண்டு, ஆனால் விண்ணப்பம் கொடுத்து ஒப்புதல் வரணும். அது வருவதற்குள் கணக்கு காலியாகிவிட்டது. வரிசையில் நின்று, சூடான சாப்பாட்டுத் தட்டோடு காசாளரிடம் போனால், அந்த அம்மாள் திரையைப் பார்த்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு ஒரு காகிதப் பையை நீட்டுவாராம். உள்ளே பீநட் பட்டரும் ஜெல்லியும் தடவின ரொட்டி. "அந்தப் பையைப் பார்த்தாலே யார் வீட்டில் காசு இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். மூன்று வாரம் அதைத் தின்றேன்" என்றாள்.

எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அடுத்து அவள் சொன்னதுதான் இவ்வளவு எழுத வைத்தது. "ஆனால் பார் வேறு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட சமையலறையில் பீநட் பட்டர் பார் செய்வார்கள். அது எல்லாருக்கும் ஒன்று. அதற்காகவே வெள்ளிக்கிழமை லீவு போடமாட்டேன்."

கவனித்தீர்களா? அதே கடலை, அதே சர்க்கரை, அதே சமையலறை. ஒன்றை நினைத்தால் இன்றைக்கும் வாய் ஊறுகிறது, இன்னொன்றை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. எல்லாருக்கும் கொடுத்தது ஒன்று, சிலரைப் பிரித்துக் கொடுத்தது இன்னொன்று. வேறு வித்தியாசமே இல்லை.

அதற்கப்புறம் இந்த ரொட்டியின் கதையைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க சுவாரஸ்யம். கடலையை அரைத்து விழுதாக்குவதற்கு 1884லேயே மாண்ட்ரியல் நகரத்து மார்சலஸ் கில்மோர் எட்சன் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். 1890களில் மிச்சிகன் மாநிலத்து பேட்டில் கிரீக்கில் சுகவாச விடுதி நடத்திய டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக், நோயாளிகளுக்கு மாமிசத்துக்குப் பதிலாக இதைக் கொடுத்தார். கார்வர்தான் பீநட் பட்டரைக் கண்டுபிடித்தார் என்று பலர் சொல்வார்கள், அது சரியில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1916ல் கடலையில் 105 பண்டம் செய்வது எப்படி என்று விவசாயிகளுக்காக ஒரு கையேடு போட்டார். அது வேறு பெரிய காரியம்.

ரொட்டிக்கு நடுவில் கடலை விழுதையும் ஜெல்லியையும் சேர்த்து வைக்கிற குறிப்பு 1901ல் பாஸ்டன் சமையல் பள்ளிப் பத்திரிகையில் ஜூலியா டேவிஸ் சாண்ட்லர் என்ற பெண்மணி எழுதியது. அப்போது அது ஏழைச் சாப்பாடு இல்லை, தேநீர் விருந்தில் பணக்காரர்கள் கொறிக்கிற பலகாரம்! பிறகு கடலை விழுது மலிவானது. எண்ணெய் பிரியாமல் வைக்கிற முறையை 1920களில் ஜோசப் ரோஸ்ஃபீல்ட் கொண்டுவந்தார். 1928ல் மிசௌரி மாநிலத்தில் துண்டு போட்ட ரொட்டி விற்பனைக்கு வந்தது, கத்தி தொடாமல் குழந்தையே தன் ரொட்டியைச் செய்துகொள்ள முடிந்தது. அடுத்த வருஷமே பொருளாதாரம் சரிந்தது. காசில்லாத வீடுகளில் வயிறு நிரப்ப இதுதான் கைகொடுத்தது. இரண்டாம் உலகப்போரில் சிப்பாய்களின் உணவுப் பையிலும் பீநட் பட்டரும் ஜாமும் போயின. திரும்பி வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கும் அதையே கொடுத்தார்கள்.

பள்ளிக்கூட பார் பிறந்த இடமும் இதற்குப் பக்கத்தில்தான். 1946ல் ட்ரூமன் தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பிள்ளைகளின் ஆரோக்கியம் ஒரு நோக்கம், விவசாயிகளிடம் மிஞ்சுகிற விளைச்சலுக்கு வழி பண்ணுவது இன்னொரு நோக்கம். சட்டத்திலேயே இரண்டும் இருக்கிறது. அரசு வாங்கி அனுப்பிய பொருட்களில் பீநட் பட்டரும் ஒன்று. பெரிய பெரிய டப்பாவாக வந்து இறங்கினதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சமையலறைப் பெண்கள் யோசித்து, மாவோடும் ஓட்ஸோடும் கலந்து, பெரிய தட்டுகளில் ஊற்றி பார் ஆக்கினார்கள். இன்றைக்கு "மலரும் நினைவுகள்" என்று எல்லாரும் உருகுகிற பண்டம், மிஞ்சின சரக்கில் பெயர் தெரியாத சமையல்காரப் பெண்களின் கைவண்ணம்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் அப்பா போன் பண்ணினார். சொன்னேன். "என்னம்மா இது, எங்க கதையைச் சொல்றே?" என்றார்! அப்பா படித்தது திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம், எழுபதுகளின் ஆரம்பம். நம் மாநிலத்தில் காமராஜர் 1956ல் ஆரம்பித்த மதிய உணவுக்கு, 1961லிருந்து கேர் என்ற அமெரிக்க அமைப்பு உணவுப் பொருட்கள் கொடுத்து உதவியது. அங்கே மிஞ்சின விளைச்சல்தான் கப்பலேறி வந்தது. "மஞ்சள் மாவுல உப்புமா கிண்டுவாங்கம்மா. அந்த வாசனை இன்னும் மூக்குல இருக்கு. என் தட்டு ஈயத்தட்டு, ஓரம் நெளிஞ்சிருக்கும்" என்றார். எங்கள் பக்கம் கடலைக்குப் பெயர் மல்லாட்டை, மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ. தென் அமெரிக்காவில் பிறந்த செடி பிலிப்பைன்ஸைச் சுற்றி எங்கள் ஊருக்கு வந்த கதை அந்தப் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக அப்பாவும் என் அறைத்தோழியும் ஒரே மாதிரி வரிசையில் நின்றவர்கள்தான். நடுவில் ஒரு கடலும் முப்பத்தைந்து வருஷமும்.

நான் அந்த வரிசையில் நிற்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மை இல்லை. நான் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. பாதிப் பேர் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவருவோம், பாதிப் பேர் மணியடித்ததும் தட்டோடு சத்துணவுக்கு ஓடுவார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் தட்டைப் புத்தகப் பைக்குள் ஒளித்து வைத்திருப்பாள். நடக்கும்போது அது ஜாமெட்ரி பாக்ஸில் பட்டுச் சத்தம் வரும். நாங்கள் சிரிப்போம். நான்தான் முதலில் சிரிப்பேன். எம்.ஜி.ஆர் 1982ல் சத்துணவை விரிவாக்கினதைப் பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன், ஆனால் அந்தத் தட்டின் சத்தத்தில் என்ன இருந்தது என்று அப்போது புரியவில்லை. ஒஹாயோவில் ஒரு காகிதப் பையின் கதையைக் கேட்ட பிறகுதான் புரிந்தது. அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாளோ.

ஆகவே நம் ஊரில் எல்லாம் சரி, அமெரிக்காவில்தான் கொடுமை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. எங்கள் பள்ளியில் தட்டை நீட்டினால் சோறு விழும். கணக்கில் காசில்லை என்று ஆயா தட்டைப் பிடுங்கினது கிடையாது. இங்கே அது நடந்திருக்கிறது. 2014ல் யூட்டா மாநிலத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் கணக்கில் பணம் இல்லை என்று சுமார் 40 பிள்ளைகள் கையிலிருந்த சாப்பாட்டை வாங்கிக் குப்பையில் போட்டார்கள். செய்தி வெளியானதும் நாடே காறித் துப்பியது. நியூ மெக்சிகோ 2017ல் முதல் மாநிலமாக இப்படிப் பிள்ளைகளை அவமானப்படுத்தக் கூடாது என்று சட்டம் போட்டது. பாக்கி இருந்தால் பெற்றோரிடம் கேள், பிள்ளையின் தட்டில் கை வைக்காதே என்பதுதான் அதன் சாரம்.

என் கருத்து இன்னும் ஒரு படி மேலே. பாக்கி என்ற ஒன்றே பிள்ளைகள் பெயரில் இருக்கக் கூடாது. எல்லாருக்கும் இலவசமாகப் போடு, முடிந்தது கதை.

"பணக்காரன் பிள்ளைக்கு எதற்கு ஓசிச் சோறு?" என்று கேட்பீர்கள். என் வகுப்பிலேயே ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான், பணம் மரத்தில் காய்ப்பதில்லை. ஆனால் பணக்காரப் பிள்ளையைக் கண்டுபிடித்து விலக்க வேண்டுமென்றால் வரிசையின் முடிவில் ஒரு திரை வைக்க வேண்டும், அதைப் பார்க்க ஒருவர் உட்கார வேண்டும், விண்ணப்பம், வருமானச் சான்று, ஒப்புதல் எல்லாம் வேண்டும். அந்தத் திரைதான் ஏழைப் பிள்ளையையும் காட்டிக்கொடுக்கிறது. பணக்காரனிடம் வாங்க வேண்டியதை வரியாக வாங்கிக்கொள்ளலாமே, பத்து வயசுப் பிள்ளையின் சாப்பாட்டுத் தட்டில் ஏன் கணக்குப் பார்க்கணும்? இது நடக்காத கனவும் இல்லை. கொரோனா வந்தபோது 2020லிருந்து 2022 நடுப்பகுதி வரை நாடு முழுக்கப் பள்ளிச் சாப்பாட்டை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுக்க வழி செய்தார்கள். அது முடிந்ததும் கலிஃபோர்னியாவும் மெய்னும் தங்கள் காசில் தொடர்ந்தன, பிறகு வேறு சில மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. 2022ல் தமிழ்நாட்டில் ஆரம்பித்த காலை உணவிலும் தொடக்கப் பள்ளி வகுப்பில் யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை, எல்லாருக்கும் ஒரே உப்புமா, ஒரே பொங்கல்.

"ஒரு இனிப்பு செய்ததற்கு இத்தனை பிரசங்கமா?" என்றும் கேட்பீர்கள். இருக்கட்டும். பழைய ருசி, பழைய ருசி என்று உருகுகிறவர்களிடம் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் ஒரு பண்டத்தைக் காட்டி "நம் எல்லாருடைய பிள்ளைப் பருவம்" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசிக்கலாம். அம்மா ஓரம் வெட்டிக் கொடுத்த ரொட்டி ஒருத்திக்கு, காகிதப் பையில் வந்த ரொட்டி இன்னொருத்திக்கு. மூன்றாவதாக ஒரு பிள்ளை இருக்கிறது, கடலை பட்டாலே மூச்சு முட்டும், தனி மேஜையில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளை. கடலை ஒவ்வாமை விளையாட்டு இல்லை, உயிருக்கே ஆபத்து. 2015ல் வெளியான லீப் ஆய்வு, ஒவ்வாமை வர வாய்ப்பு அதிகமுள்ள கைக்குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே கடலை உணவு கொடுத்துப் பழக்கினால் அது வருவது ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று காட்டியது. அதற்கு முன்பு பல வருஷம் கொடுக்காதே, கொடுக்காதே என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். (டாக்டரைக் கேட்காமல் நீங்களாக ஆரம்பித்துவிடாதீர்கள்.) ஆனால் ஏற்கெனவே ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அந்த ஆய்வைக் காட்டி பார் நீட்ட முடியாது. யாருக்குக் கொடுக்கிறோமோ அவர்களிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நான் அறைத்தோழியிடம் கேட்காமல் விட்டதும் அதைத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் தடவை செய்தோம். "செய்தோம்" என்பதைக் கவனிக்கவும், இந்த முறை அவளும் நானும். வெள்ளிக்கிழமை பார் எப்படி இருக்கும் என்று அவள் சொல்லச் சொல்ல நான் கலந்தேன். மேலே மாவு உதிரி கிடையாதாம், ஓட்ஸ் இருந்ததாம். ஜாமே கிடையாதாம், மெல்லிசாக சாக்லேட் தடவியிருப்பார்களாம். "ஜாம் வேண்டாமா அப்போ?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாதித் தட்டுக்குப் போடு" என்றாள். ராஸ்ப்பெரி ஜாம் போட்டோம். திராட்சை ஜெல்லி வேண்டாம் என்று இரண்டு பேருமே சொல்லிவிட்டோம், காரணம்தான் வேறு வேறு.

கடலை ஆகாதவர்களுக்காகச் சூரியகாந்தி விதை வெண்ணெயில் ஒரு சின்னத் தட்டு தனியாக, முதலிலேயே செய்து மூடி வைத்தோம். ஆறினதும் பார்த்தால் உள்ளே பச்சைப் பசேல்! கெட்டுப்போய்விட்டது என்று பயந்து தேடிப் பார்த்தால், அந்த விதையில் இருக்கிற ஒரு அமிலம் பேக்கிங் பவுடரோடு சேர்ந்தால் அப்படித்தான் நிறம் மாறுமாம், சாப்பிடலாமாம். துறைக்குக் கொண்டுபோய் இரண்டு டப்பாவிலும் என்னென்ன இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்தோம். பச்சைதான் முதலில் தீர்ந்தது.

ஜாம் பக்கத்திலிருந்து அவள் ஒரு துண்டு சாப்பிட்டாள். பிள்ளைப் பருவம் ஞாபகம் வந்ததா என்று நான் கேட்கவில்லை. உப்பு சரியாக இருக்கிறது என்றாள்.

பி.கு: கத்தி வைக்கும் முன் இரண்டு மணி நேரம் ஆற விடுங்கள். இதை மட்டுமாவது கேளுங்கள்.